எமிலி டிக்கின்சன் ஹிக்கின்சனுக்கு எழுதிய கடிதங்கள்: எதையெல்லாம் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிப்பது?

நூலகத்திண்ணை:

19-ஆம் நூற்றாண்டு அமெரிக்கக் கவி டிக்கின்சனின் கவிதைகளை முடித்துவிட்டுக் கடிதங்களுக்கு வருகிறவர்கள் முதலில் எடுப்பது கட்டுரையாளர் தாமஸ் வென்ட்வொர்த் ஹிக்கின்சனுக்கு எழுதியவற்றைத்தான். திணறுவதும் அங்கேதான். "என் கவிதைக்கு உயிர் இருக்கிறதா" என்ற கேள்வி, விருந்தாளி கோப்பையில் மிச்சம் விட்டுப்போன ஷெர்ரி மதுவைப் போன்ற கண்கள், இதெல்லாம் மேற்கோளாகப் பலருக்கும் தெரியும். 1862 ஏப்ரலில் தொடங்கி 1886 மே மாதம் வரை 24 ஆண்டுகள் ஓடிய கடிதப் போக்குவரத்தை வரிசையாகப் படித்தவர்கள் குறைவு. 70-ஐ ஒட்டிய கடிதங்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. அவற்றோடு ஏறத்தாழ 100 கவிதைகளும் போயிருக்கின்றன.

இந்த இழையில் மூன்று விஷயங்களைப் பேசலாம் என்று நினைக்கிறேன். எந்தப் பதிப்பை எடுப்பது? 1862 கடிதங்களில் அவர் தன்னைப் பற்றிச் சொல்வதை எவ்வளவு தூரம் நம்பலாம்? ஹிக்கின்சன் குறுக்கே நின்றதால்தான் அவர் கவிதைகள் அச்சேறவில்லை என்று வகுப்பறைகளில் சொல்லப்படுகிறதே, அதற்குக் கடிதங்களில் ஆதாரம் உண்டா?

ஆவணப்பெட்டி:

பதிப்பிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பாதிக் குழப்பம் அங்கிருந்துதான் வருகிறது.

1891 அக்டோபரில் ஹிக்கின்சன் தாமே அட்லாண்டிக் மன்த்லி இதழில் ஒரு கட்டுரை எழுதி, தமக்கு வந்த கடிதங்கள் சிலவற்றை வெளியிட்டார். 1894-இல், டிக்கின்சன் கவிதைகளை ஹிக்கின்சனோடு சேர்ந்து முதலில் பதிப்பித்த மேபல் லூமிஸ் டாட் இரண்டு தொகுதிகளாகக் கடிதங்களைக் கொண்டுவந்தார். அடுத்து 1958-இல் தாமஸ் ஜான்சனும் தியடோரா வார்டும் ஹார்வர்ட் பதிப்பாக மூன்று தொகுதிகள் போட்டார்கள்; அதில் 1049 எண்கள். 2024-இல் கிறிஸ்டேன் மில்லர், டோனல் மிட்செல் இருவரும் செய்த புதிய ஹார்வர்ட் பதிப்பில் 1304 கடிதங்கள்.

1958 பதிப்பை ஒதுக்கிவிடக் கூடாது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக எழுதப்பட்ட ஆய்வுகள் எல்லாமே அதன் எண்ணைத்தான் சுட்டுகின்றன. ஹிக்கின்சனுக்கான முதல் கடிதம் அதில் 260, இரண்டாவது 261. டிக்கின்சனுக்கு வந்த கடிதங்களுக்கு அதே எண்ணின் பின்னால் ஒரு சிற்றெழுத்து சேர்த்திருப்பார்கள். இதைக் கவனிக்காமல் ஹிக்கின்சன் எழுதிய வரியை டிக்கின்சன் வாயில் போட்டவர்கள் உண்டு.

கவிதை எண்களில் சிக்கல் இன்னும் பெரிது. 1955-இல் ஜான்சன் தொகுத்த கவிதைகள் 1775. 1998-இல் ரால்ஃப் ஃபிராங்க்ளின் தொகுத்தவை 1789. இரண்டிலும் எண் வரிசை வேறு. முதல் கடிதத்தோடு போன, வெண்பளிங்கு அறைகளில் உறங்குபவர்களைப் பற்றிய கவிதை ஜான்சனில் 216, ஃபிராங்க்ளினில் 124. கடிதப் பதிப்பின் அடிக்குறிப்பில் வெறும் எண் இருந்தால் அது யாருடைய எண் என்று பார்த்துவிட்டுத்தான் கவிதைத் தொகுப்பைத் திறக்க வேண்டும். ஜான்சன் எண்ணை எடுத்துக்கொண்டு ஃபிராங்க்ளினில் தேடினால் சம்பந்தமே இல்லாத கவிதை கிடைக்கும். அதுவும் ஏதோ ஒரு வகையில் பொருந்துவதுபோலவே தோன்றும், அதுதான் ஆபத்து.

வடகரை:

நல்ல தொடக்கம். முதல் கடிதத்தைத் தபால் உறைக்குள் இருந்த பொருள்களாகப் பிரித்துப் பார்த்தால் நிறைய விளங்கும்.

1862 ஏப்ரல் இதழ் அட்லாண்டிக் மன்த்லியில் இளம் எழுத்தாளர்களுக்கு அறிவுரையாக ஒரு கட்டுரை வந்தது. அக்கால வழக்கப்படி எழுதியவர் பெயர் போடவில்லை. ஆனால் டிக்கின்சன் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த ஸ்ப்ரிங்ஃபீல்ட் ரிபப்ளிகன் நாளிதழ் ஹிக்கின்சன் பெயரைச் சொல்லி அதைப் பாராட்டியிருந்தது. கறுப்பு மை, நல்ல பேனா, வெள்ளைத் தாள் என்று அந்தக் கட்டுரை கைப்பிரதியின் தோற்றத்திலிருந்தே பேசுகிறது. நடையில் உயிரை ஏற்று என்றும் சொல்கிறது. டிக்கின்சன் கேட்ட முதல் கேள்வி அதற்கு நேரான எதிர்வினை. கட்டுரையைப் படிக்காமல் கடிதத்தைப் படித்தால் எங்கிருந்தோ வந்து விழுந்த கேள்வியாகத் தெரியும்.

ஏப்ரல் 15 என்று தேதியிடப்படும் அந்தக் கடிதத்தை ஹிக்கின்சன் 16-ஆம் தேதி தம் ஊரான வூஸ்டரின் தபால் நிலையத்தில் எடுத்துக்கொண்டார். உள்ளே ஒரு சிறு கடிதம், கையெழுத்து இல்லை. நான்கு கவிதைகள்: பளிங்கு அறைகள், சூரியன் எழுந்த விதத்தைச் சொல்கிறேன் என்பது, எட்டாமல் விலகும் கனவு, போலிக்கற்களை வைத்து விளையாடி முத்துக்குத் தகுதி பெறுவது. இவை தவிர ஒரு சின்ன உறை. அதற்குள் ஓர் அட்டை. அந்த அட்டையில்தான் பெயர் இருந்தது, அதுவும் மையில் அல்ல, பென்சிலில்.

நான்கு கவிதைகளின் தேர்வைக் கவனியுங்கள். கடைசிக் கவிதை பழகிப் பழகிக் கை தேர்வதைப் பற்றியது. ஆசிரியர் வேண்டும் என்று கேட்க வந்தவர், பயிற்சியின் வேலை தனக்கு முடிந்துவிட்டது என்று சொல்லும் கவிதையையும் உள்ளே வைத்து அனுப்புகிறார். கடிதத்தில் பணிவு இருக்கிறது. இணைப்பில் அது இல்லை. அச்சுப் பதிப்புகளில் கடிதம் ஒரு தொகுதியிலும் கவிதை இன்னொரு தொகுதியிலும் போய்விடுவதால் இந்த முரண் கண்ணில் படாமல் போகிறது.

செம்பருத்தி:

நம்பகத்தன்மைக்கு வருகிறேன். 1862-இல் அவர் தன்னைப் பற்றிச் சொன்ன கூற்றுகளைத் தனித்தனியாக எடுத்துச் சரிபார்க்கலாம்.

கேட்க யாருமில்லை என்கிறார் முதல் கடிதத்தில். பக்கத்து வீட்டில், அண்ணன் ஆஸ்டினின் மனைவி சூசன் இருந்தார். 1861-இல் அதே பளிங்கு அறைக் கவிதையின் இரண்டாம் பத்தி சரியில்லை என்று சூசன் எழுதியதும், டிக்கின்சன் மாற்றி எழுதி அனுப்பியதும் கடிதமாகவே கிடைத்திருக்கின்றன. தவிர, அந்தக் கவிதையின் பழைய வடிவம் 1862 மார்ச் 1 அன்று ரிபப்ளிகனில் பெயரில்லாமல் அச்சாகியும் இருந்தது. ஆறு வாரம் கழித்து ஹிக்கின்சனுக்குப் போனது மாற்றி எழுதிய வடிவம். அச்சான செய்தியை அவரிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் 25 கடிதத்தில், வயது என்ன என்ற கேள்விக்கு நேர்ப்பதில் இல்லை. இந்தக் குளிர்காலம் வரை ஒன்றிரண்டு தவிரக் கவிதை எதுவும் எழுதவில்லை என்கிறார். அப்போது அவருக்கு வயது 31. 1858-இலிருந்தே கவிதைகளைப் படியெடுத்து, தாள்களை மடித்து, ஊசிநூலால் தைத்து ஏடுகளாகச் சேர்த்துவந்தார். முந்நூறை ஒட்டிய கவிதைகள் அப்போதே இருந்தன.

ஜூலைக் கடிதத்தில் படம் எதுவும் தன்னிடம் இல்லை என்கிறார். பதினாறு வயதையொட்டி எடுத்த டகேரோடைப் (தொடக்ககாலப் புகைப்பட முறை) படம் ஒன்று இருந்தது. இன்று ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரியில் இருக்கிறது. படத்துக்குப் பதிலாகத்தான் ரென் குருவி அளவு உடல், செஸ்ட்நட் முள்ளோடு போன்ற முடி, ஷெர்ரி நிறக் கண்கள் என்று எழுதி அனுப்பினார்.

ஆனால் இதிலிருந்து "பொய் சொன்னார்" என்று முடிவுகட்டுவது அவசரம். அதே ஜூலைக் கடிதத்தில், கவிதையின் சார்பில் நான் பேசும்போது அது நான் அல்ல, கற்பித்துக்கொண்ட ஓர் ஆள் என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறார். அந்த எச்சரிக்கையைக் கடிதங்களுக்கும் நீட்டிக்கொள்ளலாம் என்பது என் கருத்து. கீட்ஸ், பிரௌனிங் தம்பதி, உரைநடையில் ரஸ்கின், சர் தாமஸ் பிரௌன், திருவெளிப்பாடு ஆகியவற்றைப் படிப்பதாகச் சொல்வதை ஐயுறத் தேவையில்லை. அவருடைய சொற்களிலேயே அது தெரிகிறது. எண்ணிக்கையும் தேதியும் சொல்லும் இடங்களில்தான் நின்று சரிபார்க்க வேண்டும்.

மேலைக்காற்று:

எல்லாம் சரி. ஹிக்கின்சனை நாம் இவ்வளவு மென்மையாகக் கடந்துபோகக் கூடாது. நடை வலிப்பு வந்ததுபோல இருக்கிறது, கட்டுப்பாடு இல்லை, வெளியிடுவதைத் தள்ளிப்போடு என்றெல்லாம் சொன்னவர் அவர். 19-ஆம் நூற்றாண்டின் மிகப் பெரிய அமெரிக்கக் கவி ஒருவர் கதவைத் தட்டியபோது இதைத்தான் சொல்லத் தோன்றியது. இதற்கு என்ன சமாதானம்?

ஆவணப்பெட்டி:

மேலைக்காற்று, அந்த மூன்று கூற்றும் உங்களுக்கு எங்கிருந்து தெரியும்? டிக்கின்சனின் ஜூன் 7 கடிதத்திலிருந்து. ஹிக்கின்சன் 1862-இல் எழுதிய கடிதங்கள் நம்மிடம் இல்லை. டிக்கின்சன் இறந்தபின் அவருக்கு வந்த கடிதங்களைத் தங்கை லவீனியா எரித்துவிட்டார். ஹிக்கின்சன் தரப்பில் எஞ்சியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவர் சொன்னதை இவர் மேற்கோள் குறிக்குள் ஓரிரு சொல்லாக எடுத்துப் போட்டதைத்தான் நாம் படிக்கிறோம். முழு வாக்கியம் என்ன, அதற்கு முன்னும் பின்னும் என்ன பாராட்டு இருந்தது என்பதற்குச் சாட்சி இல்லை. பாராட்டும் இருந்தது என்பதை ஜூன் 7 கடிதமே காட்டுகிறது: முன்பு ரம் குடித்திருந்ததால் உங்கள் கடிதம் போதை தரவில்லை என்று தொடங்குகிறார். கண்டனத்துக்கு யாரும் அப்படிப் பதில் எழுதமாட்டார்கள்.

பயனுள்ள ஒரு முறை சொல்கிறேன். 261-ஆம் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் என்ன கேள்வி இருந்திருக்கும் என்று ஓரத்தில் எழுதுங்கள். வயது என்ன, என்ன புத்தகங்கள், கூட யார் இருக்கிறார்கள், விட்மனைப் படித்ததுண்டா, ஹாரியட் பிரெஸ்காட்டின் கதையைப் படித்ததுண்டா. ஐந்து கேள்வியாவது தேறும். அறிமுகமில்லாத ஒருவரின் நான்கு கவிதைகளைப் பார்த்துவிட்டு இத்தனை கேட்ட மனிதர் அலட்சியமாக இருந்தார் என்று சொல்ல முடியாது.

மேலைக்காற்று:

கேள்வி கேட்டது சரி. வெளியிடாதே என்ற அறிவுரை அப்படியேதான் நிற்கிறது.

வடகரை:

அதற்கு 1866-ஐப் பாருங்கள். புல்லுக்குள் ஊர்ந்துபோகும் ஒடுங்கிய ஆள் என்று பாம்பைப் பற்றிய கவிதை பிப்ரவரி 14 அன்று ரிபப்ளிகனில் அவர் அனுமதி இல்லாமல் வந்தது. உடனே ஹிக்கின்சனுக்கு எழுதுகிறார்: என் பாம்பை எங்காவது பார்த்துவிட்டு நான் ஏமாற்றுகிறேன் என்று எண்ணிவிடாதீர்கள், அது என்னிடமிருந்து பறிக்கப்பட்டது, மூன்றாம் வரியையும் நிறுத்தக்குறி தோற்கடித்துவிட்டது.

என்ன நடந்தது? கவிதையில் மூன்றாம் வரி, "பார்த்திருப்பீர்கள், இல்லையென்றால்" என்கிற பாங்கில் முடிவில்லாமல் நான்காம் வரிக்குள் வழுக்கிக்கொண்டு போகிறது. பத்திரிகை மூன்றாம் வரியின் கடைசியில் கேள்விக்குறியைப் போட்டு அங்கேயே நிறுத்திவிட்டது. இரண்டு வரிக்கும் நடுவே சுவர் எழும்பியது, ஊர்வது நின்றது. ஒரே ஒரு குறியால் இவ்வளவு சேதம் என்று கண்டுகொண்டவர், அச்சுக்கூடத்தின் மேல் நம்பிக்கை வைக்காததற்கு ஹிக்கின்சனின் அறிவுரை தேவைப்பட்டிருக்காது. 1862 ஜூன் கடிதத்திலேயே, வெளியீடு என் எண்ணத்துக்கு மீனின் செதிலுக்கு வானம் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம் என்று எழுதியிருக்கிறார்.

செம்பருத்தி:

வடகரை, அங்கே செதில் அல்ல, துடுப்பு.

1876-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாவலாசிரியர் ஹெலன் ஹன்ட் ஜாக்சன், டிக்கின்சனின் ஊரான ஆம்ஹெர்ஸ்ட்டிலேயே பிறந்தவர், ஹிக்கின்சனின் நண்பர், பெயர் போடாத தொகுப்பு ஒன்றுக்குக் கவிதை தரும்படி டிக்கின்சனை விடாமல் கேட்டார். நீங்கள் பெரிய கவிஞர், சத்தமாகப் பாடாமல் இருப்பது உங்கள் காலத்துக்குச் செய்யும் தவறு என்றே எழுதினார். டிக்கின்சன் உடனே ஹிக்கின்சனிடம் ஓடுகிறார்: நான் தகுதியில்லை, நீங்கள் ஒப்பவில்லை என்று ஒரு குறிப்பு எழுதித் தாருங்கள், அவர் உங்களை நம்புவார்.

ஹிக்கின்சனின் பதில் கிடைத்திருக்கிறது. கதை எழுதச் சொல்கிறார்கள் என்று தவறாகப் புரிந்துகொண்டு, உங்களைக் கதை எழுதச் சொல்லி நான் அறிவுறுத்தியிருக்கமாட்டேன் என்கிறார். தடுத்தவர் யார், தடுப்பைக் கேட்டு வாங்கியவர் யார் என்பது இங்கே வெளிச்சமாகிறது. கடைசியில் ஜாக்சன் விடவில்லை. வெற்றியின் இனிப்பு தோற்றவருக்கே தெரியும் என்ற கவிதை 1878-இல் ஒரு தொகுப்பில் பெயரில்லாமல் வந்தது. எமர்சன் எழுதியது என்று பலர் நினைத்தார்கள்.

கல்வெட்டு:

இடையில் ஒரு சந்தேகம். இந்தக் கடிதங்கள் பலவற்றில் தேதியே இல்லை என்கிறார்கள். பதிப்பில் மட்டும் மாதம் வரை போட்டிருக்கிறார்கள். எப்படி?

ஆவணப்பெட்டி:

பல தடயங்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துத்தான். ஹிக்கின்சன் விஷயத்தில் முகவரி பெரிய உதவி. 1862-இல் வூஸ்டர். அந்த நவம்பரிலிருந்து தென் கரோலினா. அமெரிக்க உள்நாட்டுப் போரில், விடுதலையான கறுப்பின வீரர்களைக் கொண்ட முதல் தென் கரோலினா தன்னார்வப் படைக்கு அவர் கர்னல். 1864-இல் படையை விட்டபின் ரோட் ஐலண்டின் நியூபோர்ட். 1878 முதல் மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜ். உறை தப்பியிருந்தால் இந்த நான்கில் ஒரு காலத்துக்குள் கடிதத்தை அடைத்துவிடலாம். தபால் முத்திரையில் ஊரும் மாதமும் நாளும் இருந்தாலும் ஆண்டு பெரும்பாலும் இருக்காது. தபால்தலை கொஞ்சம் கைகொடுக்கும்: அரை அவுன்ஸ் கடிதத்துக்கு 3 சென்ட், 1883 அக்டோபரிலிருந்து 2 சென்ட்.

டிக்கின்சன் இருந்த இடமும் தடயம்தான். 1864-இல் ஏப்ரல் முதல் நவம்பர் வரையும், 1865-இல் ஏப்ரல் முதல் அக்டோபர் வரையும் கண் சிகிச்சைக்காகக் கேம்பிரிட்ஜில் நார்கிராஸ் உறவுப் பெண்களோடு தங்கியிருந்தார்.

அதற்குமேல் கையெழுத்து. 1850-களில் எழுத்துகள் சிறியவை, ஒன்றோடொன்று சேர்ந்தவை. 1860-களில் சாய்ந்து நீள்கின்றன. 1870-களின் நடுவில் ஒவ்வோர் எழுத்தும் பிரிந்து தனியாக நிற்கத் தொடங்குகிறது. 1878-க்குப் பிறகு பெரும்பாலும் பென்சில். ஆம்ஹெர்ஸ்ட் அருங்காட்சியகத்தில் உள்ள புதைபடிவப் பறவைத்தடங்களைப் பார்த்து எழுதக் கற்றதுபோல என்று ஹிக்கின்சன் வர்ணித்தது இந்தக் கையெழுத்தைத்தான். ஜான்சனின் பதிப்புகளுக்காகத் தியடோரா வார்டு, தேதி உறுதியான கடிதங்களை ஆண்டுவாரியாக அடுக்கி எழுத்துருவங்களின் மாற்றத்தைக் கணித்தார். தாளின் நீர்க்குறியும் ஓரத்தில் அழுத்திய முத்திரையும் துணைச்சான்று; ஆனால் நீர்க்குறியில் 1876 என்றிருந்தால் அதற்கு முன் எழுதவில்லை என்பது மட்டும்தான் நிச்சயம், ஒரே கட்டுத் தாளை ஆண்டுக்கணக்கில் வைத்து எழுதியிருக்கலாம்.

இதில் தவறினால் விளைவு பெரிது. ஜான்சன் 1862-க்கு 366 கவிதைகளை ஒதுக்கினார். நாளுக்கொரு கவிதை என்ற பிரபலமான சித்திரம் அங்கிருந்து வந்தது; ஹிக்கின்சனுக்கு எழுதிய ஆண்டே வெடித்துக் கிளம்பிய ஆண்டு என்றானது. ஃபிராங்க்ளின் ஏடுகளின் தாளையும் தையல் துளைகளையும் வைத்து மறுபடி அடுக்கியபோது 1862-க்கு 227, 1863-க்கு 295, 1865-க்கு 229 என்று வந்தது. உச்சம் அடுத்த ஆண்டுக்கு நகர்ந்துவிட்டது. ஹிக்கின்சன் போர்முனையில் இருந்த ஆண்டு அது. அவர் கடிதம்தான் கவிதையைக் கிளப்பியது என்ற வாதம் இந்த எண்களுக்கு முன் நிற்காது.

கல்வெட்டு:

1863-இல் கடிதம் போனதா?

ஆவணப்பெட்டி:

போனது. பிப்ரவரியில். அவர் படைக்குப் போனதைத் தற்செயலாகத்தான் அறிந்திருக்கிறார். நீங்கள் நம்ப முடியாதவராக ஆகிவிடும் முன்பே பார்த்திருக்க விரும்பினேன், போர் எனக்கு ஒரு சாய்வான இடமாகத் தோன்றுகிறது என்கிறார். வழக்கமாக "உங்கள் மாணவி" என்று முடிப்பவர் இதில் "உங்கள் குள்ளபூதம்" என்று முடிக்கிறார். அந்த ஜூலையில் ஹிக்கின்சன் காயப்பட்டார். அதைக் கேள்விப்பட்டு 1864 ஜூனில் கேம்பிரிட்ஜிலிருந்து எழுதுகிறார்.

செம்பருத்தி:

1866 ஜனவரிக் கடிதத்தை யாரும் குறிப்பிடவில்லை. அவரோடு 16 ஆண்டுகள் இருந்த நாய் கார்லோ இறந்தது. கடிதம் இவ்வளவுதான்: கார்லோ இறந்துவிட்டது, கையெழுத்து, இப்போது எனக்குப் போதிப்பீர்களா? கூடவே, கோடையின் கடைசியில் புல்லுக்குள் ஒலிக்கும் பூச்சிகளின் வழிபாட்டைப் பற்றிய கவிதை. இதை வெறும் உரைநடைக் கடிதமாக அச்சிட்டால் இரண்டு வரி. கவிதையையும் கடிதத்தின் பகுதியாக எண்ணினால் அது ஒரு முழு இரங்கல். அவர் அனுப்பியவற்றில் என் மனத்துக்கு மிக நெருக்கமானது இது.

நூலகத்திண்ணை:

2024 பதிப்பு எண்ணிக்கை கூடியதற்கு இந்தப் பிரச்சினையும் ஒரு காரணம்தானே? கவிதை மட்டும் இருக்கும் தாளைக் கடிதம் என்பதா?

ஆவணப்பெட்டி:

ஆமாம். உரைநடை ஒரு வரியும் இல்லாமல், பெறுநர் பெயரோ கையெழுத்தோ மட்டும் உள்ள கவிதைத் தாள்களையும் புதிய பதிப்பு கடிதமாகச் சேர்க்கிறது. மடிப்பு முக்கியமான சான்று. உறைக்குள் போகும்படி மடித்த கோடு தாளில் இருந்து, பெயரும் இருந்தால் அனுப்பப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். மடிப்பில்லாமல் திருத்தங்களோடு டிக்கின்சன் வீட்டுத் தாள்களிலேயே கிடைத்தது வரைவு. "மாஸ்டர்" என்று விளிக்கும் மூன்று கடிதங்கள் வரைவுகளாக மட்டுமே உள்ளன. அனுப்பியதற்குச் சான்று இல்லை. ஹிக்கின்சனுக்குப் போனவை அப்படியல்ல. பெறுநரே பாதுகாத்துவைத்த மூலங்கள், பெரும்பகுதி இன்று பாஸ்டன் பொது நூலகத்தில். அந்த வகையில் டிக்கின்சன் கடிதங்களிலேயே இவை உறுதியான தொகுதி. நார்கிராஸ் சகோதரிகள் தங்களுக்கு வந்தவற்றிலிருந்து படியெடுத்த பகுதிகளைத்தான் டாடுக்குக் கொடுத்தார்கள், மூலங்கள் அழிந்தன. ஆஸ்டினுக்கு எழுதியவற்றில் சூசன் வரும் இடங்கள் சுரண்டப்பட்டும் வெட்டப்பட்டும் இருக்கின்றன.

இதை ஹிக்கின்சனுக்கு வரவில் எழுத வேண்டும். தமக்குப் புரியவில்லை என்று ஒப்புக்கொண்ட கடிதங்களை 24 ஆண்டுகள் தூக்கி எறியாமல் வைத்திருந்தார்.

வடகரை:

1870 ஆகஸ்ட் 16 சந்திப்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஒரு புத்தகத்தைப் படித்து எந்த நெருப்பாலும் சூடேற்ற முடியாதபடி உடல் குளிர்ந்தால் அது கவிதை என்று தெரிந்துகொள்வேன் என்ற கூற்று, கடித மேற்கோளாகவே சுற்றிவருகிறது. அது டிக்கின்சனின் கடிதத்தில் இல்லை. அன்று ஆம்ஹெர்ஸ்ட் வீட்டில் அவர் பேசியதை ஹிக்கின்சன் அன்றிரவு தன் மனைவிக்கு எழுதியது. இரண்டு லில்லிப் பூக்களைக் கையில் கொடுத்து இவைதான் என் அறிமுகம் என்று சொன்னதும் அதே கடிதத்தில் வருவது. என் நரம்பின் வலுவை இவ்வளவு உறிஞ்சிய ஒருவரோடு நான் இருந்ததில்லை என்பது ஹிக்கின்சனின் சொந்தக் கருத்து. பேச்சைக் கேட்டு எழுதியது வேறு வகைச் சான்று, கவனமாகப் பயன்படுத்தலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் பளிங்கு அறைக் கவிதையைப் பற்றி 1861-இல் சூசன் எழுதிய குறிப்பில், முதல் பத்தியை நினைத்தாலே நெருப்பருகே போய்ச் சூடேற்றிக்கொள்கிறேன், ஆனாலும் முடிவதில்லை என்று வருகிறது. ஒன்பது ஆண்டுகள் கழித்து ஹிக்கின்சன் கேட்ட இலக்கணம் ஏறக்குறைய அதே படிமம். கேட்க யாருமில்லை என்று அவரிடம் எழுதியவர், சூசன் சொன்னதை மறக்கவே இல்லை.

மேலைக்காற்று:

இதை நான் கவனித்திருக்கவில்லை, அருமை. 1862-க்கான வாதத்தை ஏற்கிறேன். 1890-க்கு ஏற்க முடியாது. டாடும் ஹிக்கின்சனும் சேர்ந்து பாஸ்டனில் ராபர்ட்ஸ் பிரதர்ஸ் மூலம் கொண்டுவந்த முதல் கவிதைத் தொகுப்பில், கையெழுத்துப்படியில் இல்லாத தலைப்புகள் முளைத்தன. மரணத்துக்காக நிற்க முடியாமல் போனதைச் சொல்லும் கவிதைக்குத் 'தேர்' என்று தலைப்பு. நான்காம் பத்தியையே காணோம். டிக்கின்சன் நிறுத்தக்குறியாகப் போட்ட கோடுகள் காற்புள்ளிகளாயின. பாம்பின் மூன்றாம் வரிக்கு நேர்ந்ததைத் தன் கடிதத்தில் படித்த அதே மனிதர் இதைச் செய்தார். அவர் உயிரோடு இருந்து சொன்ன ஒரே அச்சுக் குறையை அவருடைய நண்பரே கண்டுகொள்ளவில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

செம்பருத்தி:

இதை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. அந்தத் தொகுப்பு இரண்டு ஆண்டுகளில் 11 முறை அச்சானதும், அதனால்தான் கடிதங்களைத் தேடிச் சேர்க்கும் வேலை டாடுக்குச் சாத்தியமானதும் உண்மை. இரண்டும் ஒன்றையொன்று ரத்து செய்யாது.

நூலகத்திண்ணை:

புதிதாகத் தொடங்குகிறவருக்கு நடைமுறையில் ஒரு வழி சொல்லுங்கள்.

ஆவணப்பெட்டி:

முதலில் ஹிக்கின்சனின் 1862 ஏப்ரல் கட்டுரை. பிறகு அந்த ஆண்டின் கடிதங்களை மட்டும், ஒவ்வொன்றுக்கும் கூடப் போன கவிதைகளைப் பக்கத்தில் வைத்து. ஒரு நாளைக்கு ஒரு கடிதத்துக்கு மேல் வேண்டாம். வேகமாகப் படித்தால் மேற்கோள்கள் மட்டும்தான் மனத்தில் தங்கும். 1863, 1864, 1866 கடிதங்களைப் போர், கண், கார்லோ என்ற நிகழ்ச்சிகளோடு சேர்த்துப் படியுங்கள். 1869-இல் அவரைப் பாஸ்டனுக்கு வரச்சொன்னதற்கு, அப்பாவின் நிலத்தைத் தாண்டி எந்த வீட்டுக்கும் ஊருக்கும் போவதில்லை என்று மறுத்த கடிதத்தை 1870 சந்திப்புக்கு முன்னால் படித்தே ஆக வேண்டும். அதில்தான், நீங்கள் என் உயிரைக் காப்பாற்றியது உங்களுக்கே தெரியாது என்கிறார். அப்பா இறந்த 1874, ஹிக்கின்சனின் முதல் மனைவி இறந்த 1877 ஆகிய ஆண்டுகளின் கடிதங்களில் ஆறுதல் சொல்லும் பொறுப்பு கை மாறுகிறது. மாணவி என்ற கையெழுத்து அங்கே வெறும் பழக்கமாகத்தான் தொடர்கிறது.

கவிதைகளின் கையெழுத்துப் படங்களை 2013-இல் தொடங்கிய எமிலி டிக்கின்சன் ஆவணத் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பாஸ்டன் பொது நூலகத்துத் தாள்களில் ஹிக்கின்சனுக்குப் போன படிகளைத் தேர்ந்து பாருங்கள், ஏட்டில் தைத்த படியை அல்ல. இரண்டிலும் சொல் மாறும், கோடு மாறும்.

கல்வெட்டு:

பளிங்கு அறைக் கவிதையைப் பார்க்கப்போகிறேன். எந்த எண்ணில் தேடுவது?

ஆவணப்பெட்டி:

ஃபிராங்க்ளின் 124. ஒரே எண்ணின் கீழ் பல வடிவங்கள் வரும். ஆண்டுகள் பிரம்மாண்டமாக நகர்வதாகத் தொடங்கும் இரண்டாம் பத்தி உள்ளதுதான் ஹிக்கின்சனுக்குப் போனது. தென்றல் சிரிப்பதாக இருந்தால் அது ரிபப்ளிகனில் வந்த பழைய வடிவம்.